நீ கழித்த அரை மணி நேரம்

உன் பிஸ்கட் டின் சில வாரங்களாக என் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. மூடியைத் திறந்தால் முதலில் அந்துருண்டை வாசம் வருகிறது. அதற்கடியில் ஈரச் சுவரின் வாசம். அது உன் வீட்டுப் பின்னறையின் வாசம். மழை நாளில் கூரை ஒழுகும் இடத்தில் ஒரு சட்டியை வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருப்பாய். "ரெண்டு அடி தள்ளித்தானே ஒழுகுது, நீ ஏன்டி பயப்படுற?" என்பாய்.

டின்னுக்குள் ஒரு கட்டு டிஸ்கெட்டுகள். இப்போது வரும் சின்னவை அல்ல, பழைய பெரியவை. உள்ளங்கையைவிட அகலமானவை, பிடித்து ஆட்டினால் வளைபவை. ஒன்றின்மேல் உன் கையெழுத்தில் 'வரன்' என்று எழுதியிருக்கிறது.

நீ போன பிறகு, உன் வீட்டுக்காரர் ஜொகூரில் இருக்கும் மகன் வீட்டுக்குக் குடிபோகுமுன் இதைக் கொண்டுவந்து கொடுத்தார். "கம்ப்யூட்டர பழைய இரும்புக்காரன்ட்ட போட்டுட்டேன் தங்கச்சி. பஞ்சாங்கக் கட்ட கரையான் தின்னுடுச்சு. இது அவ கையெழுத்து. தூக்கிப் போட மனசு வரல, நீங்க வச்சிருங்க" என்றார். தேநீர் குடிக்கச் சொன்னேன். வேண்டாம் என்று போய்விட்டார். டின்னை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். ஒரு வருடம் அது அங்கேயே இருந்தது. கீழே சேலை எடுக்கும்போதுகூட நான் மேலே பார்ப்பதில்லை.

அதை இறக்க வைத்தது கோயிலில் காதில் விழுந்த ஒரு பேச்சு. வெள்ளிக்கிழமை, அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் அம்மா, தன் இரண்டு பெண்களுக்கும் ஜாதகம் எழுதித் தரச் சொல்லிக் குருக்களிடம் பிறந்த நேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பெரிய பொண்ணு எண்பத்திரண்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டார் குருக்கள்.

"முன்னாடிதான் சாமி. ஏன்?"

"முன்னாடின்னா இந்தியாவுக்கும் நமக்கும் ரெண்டு மணி நேரம். அதுக்கப்புறந்தான் ரெண்டரை. கவர்ன்மென்ட்டு கடிகாரத்த அரை மணி முன்னால தள்ளி வச்சாங்களே, மறந்துட்டீங்களா?"

"சம்பளத்த தள்ளி வச்சதுதான் சாமி ஞாபகம் இருக்கு. கடிகாரத்த யாரு பார்த்தா?"

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் தட்டில் இருந்த தேங்காய் உருள ஆரம்பித்தது. பிடித்து நிறுத்தினேன். வரன் தேடி நம்மிடம் வந்தவர்கள் எல்லோரும் எண்பத்திரண்டுக்கு வெகுகாலம் முன்னால் பிறந்தவர்கள். அவர்களுக்கு நீ எத்தனை மணி நேரம் கழித்தாய்? என் நினைவில் இருந்தது ரெண்டரைதான்.

நாம் அந்த வேலையைத் தொடங்கியபோது புலாவ் செபாங்கைச் சுற்றியிருந்த தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறிக்கொண்டிருந்தன. ரப்பரை வெட்டி, எண்ணெய்க்கான செம்பனை நட்டார்கள். லயங்களின் வரிசை வீடுகளில் இருந்தவர்கள் மலாக்கா டவுனுக்கும் தாமான் என்ற புதுக் குடியிருப்புகளுக்கும் சிதறிப்போனார்கள். முன்பெல்லாம் பெண் பார்க்க அடுத்த தோட்டத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த அடுத்த தோட்டமே இல்லாமல் போனபோது, வயது வந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு அம்மாக்கள் கோயிலுக்கு வந்து யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றார்கள். "நம்ம சனத்துக்கு ஒரு பைல் வேணும் டீச்சரம்மா" என்று நீதான் சொன்னாய். நான் பள்ளியில் கணக்கு டீச்சர். எனக்குக் கம்ப்யூட்டர் என்றால் பரீட்சை மதிப்பெண் அடிக்கும் பெட்டி, அவ்வளவுதான். நீ செம்பனை ஆலையின் ஆபீசில் அதோடு தினமும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள். ஆலை புதிய கம்ப்யூட்டர் வாங்கியபோது பழையதைக் கேட்டு வாங்கி, சாரோங் துணியில் சுற்றி, லாரியில் டிரைவர் பக்கத்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். "புள்ளையா, பொட்டியா?" என்று டிரைவர் கேட்டானாம். "ரெண்டுந்தான் அண்ணே, மெதுவா ஓட்டுங்க" என்றாயாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தின் பின்னறையில் நாம் உட்கார்ந்தோம். நான் கேட்டு எழுதுவேன், நீ வீட்டுக்குப் போய் ஏற்றுவாய். தோட்டத்து அம்மாக்களுக்குப் பிள்ளை பிறந்த தேதி தெரியும், மணி தெரியாது. "பெரட்டுல பேர் கூப்பிட்டுக்கிட்டு இருந்தாங்கம்மா, அப்ப பொறந்தான்." "பால் நிறுத்துக்கிட்டு இருந்தப்ப வலி எடுத்துச்சு, வீட்டுக்கு வர்றதுக்குள்ள பொறந்துடுச்சு." நீ அலுக்காமல் அந்தந்தத் தோட்டத்தில் விசாரித்துப் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு எத்தனை மணிக்கு, ரப்பர் பாலை எடை போடுவது எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொண்டு மணியாக மாற்றுவாய். பிறகு அதில் சில மணி நேரத்தைக் கழித்து இந்திய நேரமாக்கி, இந்தியாவிலிருந்து தருவித்த பழைய பஞ்சாங்கங்களைப் புரட்டி நட்சத்திரம் குறிப்பாய். எந்தத் தேதியில் எந்த நட்சத்திரம் எத்தனை மணி வரைக்கும் என்று பஞ்சாங்கத்தில் இருப்பது இந்திய நேரத்தில். அதனால்தான் கழிக்க வேண்டியிருந்தது.

கழிக்கும் எண் ரெண்டரை. யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். இந்தியாவுக்குப் போன் போடுகிறவர்கள், சொந்தம் பார்க்கப் போய்வருகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் மனப்பாடம். நாம் பிறந்தபோது இந்த நாட்டின் கடிகாரம் வேறாக இருந்தது என்பது நமக்குத் தோன்றவே இல்லை. நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. உன் வீட்டுச் சுவரிலேயே பழைய நேரம் ஓடிக்கொண்டிருந்ததே! உன் அப்பா ரப்பர் மரம் சீவுகிறவர். கடிகாரத்தைத் திருப்பி வைக்க அவர் சம்மதிக்கவே இல்லை. "மரத்துக்கு என்னா மணி தெரியும்? வெளிச்சம் வந்தாத்தான் பாலு" என்பார். அவர் இருந்தவரை உன் வீட்டுக் கூடத்தில் மட்டும் அரை மணி பிந்தித்தான் எல்லாம் நடந்தது. அந்தக் கடிகாரத்தின் கீழே உட்கார்ந்துகொண்டுதான் நாம் ரெண்டரை ரெண்டரையாகக் கழித்தோம்.

இதில் உனக்கென்ன என்று நீ கேட்க மாட்டாய். உனக்குத் தெரியும்.

தஞ்சோங் கிளிங்கிலிருந்து வந்தவரைப் பற்றி உன்னிடம் சொல்ல என்ன இருக்கிறது? நீதான் அந்த வரனைக் கொண்டுவந்தாய். தபால் ஆபீசில் வேலை. அப்பா இல்லை, அம்மா, கப்பலில் வேலை பார்க்கும் ஓர் அண்ணன். எனக்கு முப்பது தாண்டியிருந்தது. மண்டபத்தில் இரண்டு முறை பேசினோம். "கணக்குல பிள்ளைங்க எங்க தடுக்கி விழுறாங்க?" என்று கேட்டார். பின்னத்தில் என்றேன். "நானும் அங்கதாங்க விழுந்தேன், இன்னும் எந்திரிக்கல" என்றார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே போனேன். நீ பக்கத்தில் நடந்து வந்தாய். என் கையை ஒரு முறை கிள்ளினாய்.

எனக்கு எழுதிய ஜாதகம் கிடையாது. அப்பா ரயில்வேயில் கடைநிலை ஊழியர். நான் பிறந்தது புலாவ் செபாங் ஸ்டேஷன் குவார்ட்டர்ஸில், மருத்துவச்சி கையில். அம்மா உன்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "வடக்க போற மொத வண்டி ஊதிட்டுப் போச்சு, இவ அழுதா." நீ ஸ்டேஷனில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவரைத் தேடிப்பிடித்து, அந்தக் காலத்தில் அந்த வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டு வந்து ஏற்றினாய். எத்தனை மணி என்று நான் உன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டை என்று வந்தது.

கேட்டைப் பெண் கணவனின் அண்ணனுக்கு ஆகாது என்று ஒரு பேச்சு. அவருடைய அம்மா மண்டபத்துக்கு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீ தங்கமான பொண்ணும்மா. ஆனா எங்க மூத்தவன் கடல்ல போறவன். ஒவ்வொரு தடவையும் அவன் திரும்பி வர்ற வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது. தெரிஞ்சே எப்படிம்மா?" அந்த அம்மாவின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பக்கத்தில் நின்றிருந்த அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான்.

அன்று சாயங்காலம் உன் பின்னறையில் நீ சொன்னாய்: "கேட்டைக்கு அடுத்தது மூலம். மூலம் மாமனாருக்குத்தான் ஆகாதும்பாங்க. அவருக்குத்தான் அப்பா இல்லையே. மாத்திப் போட்டுடவா? பஞ்சாங்கம் பார்க்குறதுல நான் தப்பு பண்ணிட்டேன்னு சொல்லிக்கலாம். ஒரு தட்டு தட்டினா போதும் டி."

"அந்த அண்ணன் கப்பல் ஏறுறப்பல்லாம் நான் இந்தப் பொய்ய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கணுமா?" என்றேன்.

நீ விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாய். பட்டியலிலிருந்து என் பேரை எடுத்துவிடச் சொன்னேன். "எடுத்தாலும் போகாது டி. முன்னால பூ மாதிரி ஒரு குறி போட்டு ஓரமா வச்சிருக்கும். நிஜமா அழிக்க வேற ஒரு கட்டளை கொடுக்கணும். அதை நான் யாருக்கும் கொடுக்கறதில்ல" என்றாய். கல்யாணம் முடிவானவர்களை எல்லாம் நீ அப்படித்தான் பட்டியலிலிருந்து எடுப்பாய். "இவளுக்குப் பூ வச்சாச்சு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே தட்டுவாய். என் பேருக்கு வைக்கும்போது ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பத்து வருடம் நாம் அதைப் பேசவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கிளேபாங்கில் சாலையோரக் கடையில் தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட செண்டோல் குடிக்க உட்காருவோம். உனக்குச் சீனி குறைவு, எனக்குக் கூடுதல். போகிற வருகிறவர்களைப் பார்த்து, "இது பரணி நடை, அது சுவாதிச் சிரிப்பு" என்று நீ ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாய். தஞ்சோங் கிளிங் பஸ் கடந்துபோகும். உடனே நீ வேறு எதையாவது பேசத் தொடங்குவாய். சில நாள் அவசரத்தில் ஒன்றும் அகப்படாமல், "ஐஸ் இன்னைக்கு ரொம்ப கரகரன்னு இருக்கு லா" என்பாய். நானும் ஆமாம் என்பேன்.

கோயிலிலிருந்து வந்த அன்று சேலைகூட மாற்றாமல் டின்னை இறக்கினேன். ரெண்டரைக்குப் பதில் ரெண்டு கழித்திருந்தால் என் பிறப்பு அரை மணி பின்னால் நகர்ந்திருக்கும். அந்த அரை மணிக்குள் கேட்டை முடிந்து மூலம் தொடங்கியிருந்தால், நீ மாற்றிப்போடவா என்று கேட்டது பொய்யே அல்ல. நான் அந்த வீட்டுக்குள் நிஜத்தோடு போயிருக்கலாம். எனக்குத் தெரிய வேண்டியது அந்த வண்டியின் மணி ஒன்றுதான். அம்மா இல்லை. அந்த ஸ்டேஷன் பெரியவர் இல்லை. நீ இல்லை. அந்த மணி இருக்கும் ஒரே இடம் இந்த டிஸ்கெட்.

இதையெல்லாம் நம்பாத கணக்கு டீச்சர் நான். சந்திரன் எங்கே நின்றால் யாருக்கு என்ன என்று வகுப்பில்கூடச் சொல்லியிருக்கிறேன். இருந்தாலும் தெரிய வேண்டியிருந்தது.

அது லேசாக இல்லை. என் கம்ப்யூட்டரில் சின்ன டிஸ்கெட்டுக்குத்தான் வாய் இருக்கிறது. டவுனில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சீனரிடம் உன் டிஸ்கெட்டைக் காட்டினேன். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "டீச்சர், இனி பாராங் மியூசியம் லா" என்றார், மியூசியத்தில் வைக்கிற சாமான் என்று. பிறகு கடைக்குள்ளே போய்த் தேடி, பெரிய டிஸ்கெட் ஓட்டும் பழைய டிரைவ் ஒன்றைத் தூசியோடு எடுத்து வந்து என் கம்ப்யூட்டரில் பொருத்திக் கொடுத்தார். ஓடாவிட்டால் தன்னைத் திட்டக் கூடாது என்றார். ரெண்டாயிரம் பிறந்தால் எல்லாக் கம்ப்யூட்டரும் நின்றுவிடும் என்று ஊரெல்லாம் பேச்சு. அவர் கடையில் அதைப் பற்றிக் கேட்க வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். நான் ஒருத்திதான் பின்னால் போகக் கேட்டு வந்தவள்.

டிரைவ் ஓடியது. டிஸ்கெட் ஓடவில்லை. கரகரவென்று சத்தம் மட்டும் வந்தது. உறையின் இடுக்கு வழியே பார்த்தால் பழுப்பு வட்டின்மேல் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. கடைக்காரர் போனில் சொன்ன வழியைச் செய்தேன். உறையின் ஓரத்தைக் கத்தரித்தேன். வட்டை வெளியே எடுத்துச் சோப்புத் தண்ணீரில் மெதுவாகக் கழுவி, கண்ணாடி துடைக்கும் துணியால் ஒற்றி, விசிறிக்கு எதிரே நூலில் தொங்கவிட்டேன். சமையலறையில் ஒரு சின்னத் துணியைக் காயப்போட்டது போல அது ஆடிக்கொண்டிருந்தது. உன் குரல் எங்கேயாவது இருக்கிறதென்றால் இதில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்து ரொட்டி தின்றேன்.

காய்ந்ததும் அதை வேறொரு டிஸ்கெட்டின் உறைக்குள் நுழைத்தேன். இந்த முறை படித்தது. ஆனால் பைலின் தலைப்பகுதி பூசணத்தில் போய்விட்டது. எந்தக் கட்டம் எவ்வளவு அகலம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் பகுதி அதுதானே. அது இல்லாமல் புதிய புரோகிராம் இதைத் தெரியவே தெரியாது என்றது. பிறகு எந்தப் புரோகிராமும் வேண்டாம், வெறும் எழுத்தாகத் திறந்து பார்ப்போம் என்று திறந்தேன்.

நீ வந்துவிட்டாய். நாம் கேட்டு எழுதிய அத்தனை பேரும், வரி பிரியாமல், ஒரே நீளக் கயிறாக. கம்ப்யூட்டரில் தமிழ் இல்லாத காலம். ஆங்கில எழுத்தில் நீ அடித்த தமிழ். யார் பெயர் சின்னதானாலும் பெரிதானாலும் ஒவ்வொருவருக்கும் நீ ஒதுக்கிய இடம் ஒரே அளவு. மிச்சத்தை வெற்றிடம் நிரப்பியிருந்தது. அந்த அளவைக் கண்டுபிடித்து, ஒவ்வோர் ஆளும் தொடங்கும் இடத்தில் ஒரு வரி முறித்துக்கொண்டே போனேன். பள்ளி விடுமுறை அதில்தான் போனது. பெயர்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக நேராக நிற்கத் தொடங்கியபோது, யாராவது வீட்டில் இருந்திருந்தால் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன்.

பெரும்பாலான வரிகளின் முன்னால் பூ இருந்தது. அவ்வளவு பேருக்கு நாம் கல்யாணம் செய்து வைத்திருக்கிறோம். என் வரியும் பூவோடு இருந்தது. பிறந்த நேரம் காலை ஐந்து ஐம்பது. பக்கத்துக் கட்டத்தில் இந்திய நேரம் மூன்று இருபது.

ரெண்டரை.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். எதிர்வீட்டில் யாரோ காரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம், சூடாக. நீ போன நாளிலிருந்து எனக்கு அழுகையோ கோபமோ ஒன்றுமே வந்ததில்லை. உன்னைக் கிடத்தியிருந்த கூடத்தில்கூட நான்தான் நாற்காலி எடுத்துப்போட்டேன், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். இப்போதுதான் வந்தது. தப்பு நடந்திருக்கட்டும், மூலமாகவே இருக்கட்டும், உன் பெயரைச் சொல்லிக் கத்தலாம் என்று இருந்தது.

மறுநாள் தேதியையும் மணியையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு குருக்களிடம் போனேன். அவர் தன் பழைய புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு விரலால் கோடு பிடித்துப் பார்த்தார்.

"எண்பத்திரண்டுக்கு முன்னாடி. அப்போ ரெண்டு மணி. மூணு அம்பது. கேட்டை."

"அரை மணி தள்ளியும் கேட்டைதானா சாமி?"

"இன்னும் ஒரு மணி தள்ளினாலும் கேட்டைதாம்மா. அதுக்கும் அப்புறந்தான் மூலம். யாருக்குப் பார்க்குறீங்க?"

"ஒரு சிநேகிதிக்கு."

"தேதியப் பார்த்தா நம்ம வயசாட்டம் இருக்கு. இனிமே எதுக்கு?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு இப்போது கோயிலில் சிரிக்க நன்றாக வருகிறது.

திரும்பி வந்த பஸ்ஸில் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். உன்மேல் தப்பில்லை. அந்த அரை மணி எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. என் வாழ்க்கை எப்படிப் போக இருந்ததோ அப்படித்தான் போயிருக்கிறது. ஆனால் வந்தது நிம்மதி அல்ல. சண்டை போட ஒன்று கிடைத்தது, அதுவும் கையைவிட்டுப் போய்விட்டது. சண்டை இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் உன்னோடு பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

அதற்கடுத்த நாள் கம்ப்யூட்டரைத் திறந்தது பைலை மூடி வைக்கத்தான். அப்போதுதான் வரிகள் திரையின் வலது விளிம்போடு முடியவில்லை என்பதைக் கவனித்தேன். வரி முறித்தபோது எழுத்துகளை எண்ணினேனே தவிரப் படிக்கவில்லை, நேரத்தைத் தேடிய அவசரத்தில் வலப்பக்கம் நகர்த்திப் பார்க்கவும் இல்லை. நகர்த்தினேன். அங்கே உன் குறிப்புக் கட்டம் இருந்தது. அப்படி ஒன்றை நீ வைத்திருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது.

"மாப்பிள்ளை சாது. அம்மா பேச விடாது."

"உயரம் பொய்."

"பொண்ணு சிரிச்சா அழகு. போட்டோவில சிரிக்கல. வேற கேக்கணும்."

"அப்பா குடி. பையன் தேடிப் போய் கூட்டிட்டு வருவான். நல்லவன்."

ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தேன். உன் குரலில் படிக்க முயன்றேன், வரவில்லை. படித்துக்கொண்டே போனபோது ஒன்று கண்ணில் பட்டது. குறிப்புகளின் கடைசியில், ஏறக்குறைய எல்லோருக்கும், "2 மணி சரி" என்று இருந்தது. முதலில் புரியவில்லை. பிறகு ஒரு வரியில் இப்படி இருந்தது: "2 மணி வச்சா மாறுது. பொருத்தமே இல்ல. ரெண்டு புள்ளை ஆச்சு. விடு."

வெடித்துச் சிரித்துவிட்டேன். அந்த வீட்டில் அவ்வளவு சத்தமாக நான் சிரித்து வெகுநாள் ஆகிறது. யார் அந்தத் தம்பதி என்று உனக்கும் எனக்கும் தெரியும். போன தீபாவளிக்குக்கூட அவர்களைக் கடையில் பார்த்தேன். அவர் கையில் எல்லாப் பையும், அவள் கையில் அவர் கை.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் விளங்கியது. நீயும் கண்டுபிடித்திருக்கிறாய். யார் சொல்லி, எங்கே கேட்டு என்று எனக்குத் தெரியாது. உன் அப்பாவின் கடிகாரம் இருந்த சுவரை ஒரு நாள் நிமிர்ந்து பார்த்தாயோ என்னவோ. கண்டுபிடித்த பிறகு ஒவ்வோர் ஆளுக்கும் பஞ்சாங்கத்தைப் புரட்டி மறுபடியும் பார்த்திருக்கிறாய். பைலில் கடைசியாக எழுதிய தேதியைக் கம்ப்யூட்டர் தானாகவே வைத்திருக்கிறது. நீ முதல் தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மாதம் அது. படுத்துக் கிடக்கச் சொன்னார்கள். போன் போட்டால், "சும்மாதான் இருக்கேன் டி, பொழுது போகல" என்றாய். பொழுது இப்படித்தான் போயிருக்கிறது.

என் வரிக்கு வந்தேன். நகர்த்தினேன்.

"2 மணி வச்சும் பார்த்தாச்சு. அதே கேட்டைதான். அவளா பேச்செடுத்தா சொல்லலாம்."

திரையைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மாதத்துக்குப் பிறகும் உனக்குத் தெம்பு இருந்த சனிக்கிழமைகளில் நாம் கிளேபாங்குக்குப் போனோம். சால்வை போர்த்திக்கொண்டு வந்தாய். செண்டோலைத் தொடாமல் ஐஸ் கரையும்வரை கிண்டிக்கொண்டிருந்தாய். தஞ்சோங் கிளிங் பஸ் கடந்துபோனது. அந்த நாள்களில் நீ வேறு எதையும் பேசத் தொடங்கவில்லை. எனக்கு இப்போது நினைவு வருகிறது. பஸ் போன பிறகு என் முகத்தைப் பார்த்தாய். களைப்பு என்று நினைத்தேன். "போகலாமா?" என்றேன். "உம்" என்று எழுந்துகொண்டாய்.

நான் கேட்கவில்லை. கேட்டால் உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். நீ சொல்லவில்லை. சொன்னால் எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தாய். ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு ஆளுக்கொரு பக்கம் அதையே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

பைலை மூன்று புதிய டிஸ்கெட்டுகளில் பிரதி எடுத்துவிட்டேன். புதிய புரோகிராமில் கட்டங்களைத் திரும்பக் கட்டி எல்லோரையும் ஏற்றியும் வைத்திருக்கிறேன். பூ வைத்தவர்களை நிஜமாகவே அழித்துவிடவா என்று அது ஒவ்வொரு தடவையும் கேட்கிறது. வேண்டாம் என்று தட்டுகிறேன். தட்டும்போதெல்லாம் உன் விரல் ஞாபகம் வருகிறது. இந்திய நேரக் கட்டத்தையும் திருத்தவில்லை. நீ கழித்தபடியே இருக்கட்டும். கேட்கிறவர்களுக்கு, குறிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். கேட்க யாரும் இல்லை என்பது வேறு.

நேற்று சனிக்கிழமை. கிளேபாங்கில் உட்கார்ந்திருந்தேன். பஸ் வந்தது, போனது. எதிரே இருந்த நாற்காலியை ஒரு குடும்பம் கேட்டு எடுத்துக்கொண்டு போனது. ஐஸ் கரகரவென்றுதான் இருந்தது.

அவளா பேச்செடுத்தால் சொல்லலாம் என்று எழுதி வைத்திருக்கிறாய். இதோ எடுத்துவிட்டேன். அந்த மனிதர் எனக்குப் பிடித்தமானவராக இருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் அன்று ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். எனக்கு வலித்தது, வெகுநாள் வலித்தது. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் நினைத்துக்கொண்டுதான் கிளேபாங்குக்கு வந்தேன்.

இப்போது நீ சொல்லு.